சரிவில் நிற்கும் ஜீப்: பழைய வண்டிகளின் கைப்பிரேக்கைச் சோதிப்பது பற்றி

ஒரு வண்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்பவர் பலர். நன்றாக நிற்கிறதா என்று கேட்பவர் சிலரே. மலைப்பாங்கான பகுதிகளில் உள்ள உற்பத்தியாளர் சங்கங்கள் பலவற்றில் பழைய ஜீப் ஒன்று இருக்கும். ஏல மூட்டை, வாழைத்தார், உரம் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதும் அதுவே. நெசவாளர் சங்கத்துக்கு நூல் சிப்பம் வருவதும், நெய்த துணி கீழே இறங்குவதும் சில இடங்களில் அதிலேதான். இத்தகைய வண்டியின் எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் நிர்வாகக் குழுவில் அடிக்கடி பேச்சு எழும். கைப்பிரேக்கைப் பற்றிப் பேச்சு எழுவது ஏதேனும் நடந்த பிறகுதான். நமக்கும் அப்படித்தான் நேர்ந்தது.

நம் சங்கத்து ஜீப் தகுதிச் சான்று பெற்று இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. ஒரு நாள் மாலை, மூட்டைகளுடன் மலைப்பாதையில் இறங்கி வரும்போது இடது பின் சக்கரம் பஞ்சராயிற்று. டிரைவர் நெடுநாள் அனுபவமுள்ளவர். பாதையோரமாக வண்டியை நிறுத்தினார், கைப்பிரேக்கை இழுத்தார், முதல் கியரையும் போட்டார். பிறகு பின் அச்சின் கீழே ஜாக்கியை வைத்து உயர்த்தினார். டயர் தரையைவிட்டு எழுந்ததுதான் தாமதம், வண்டி சரிவில் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. சக்கரத்தின் நட்டுகளைக் கழற்ற உட்கார்ந்திருந்த கிளீனர் பக்கவாட்டில் உருண்டு உயிர் தப்பினார். வண்டி பத்தடி தூரம் சென்று மண்மேட்டில் மோதி நின்றது.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. டிரைவர் கைப்பிரேக்கைச் சரியாக இழுக்கவில்லை என்று சிலர் கூறினர். பழுது பார்க்க ஆன செலவை அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்வதென்று தீர்மானமும் ஆயிற்று. ஆனால் பட்டறையில் பிரேக்கைப் பிரித்துப் பார்த்த மேஸ்திரி, அதில் யாதொரு குறையும் இல்லை என்றார். டிரைவரோ, தாம் பிரேக்கை இழுத்தது உண்மை என்று ஆணையிட்டுச் சொன்னார். இருவர் சொன்னதும் உண்மையே. பிரேக் நன்றாக இருந்தது. அது இழுக்கவும் பட்டிருந்தது. ஆயினும் வண்டி நகர்ந்தது. இது எவ்வாறு என்பதை விளக்குவதும், இத்தகைய பிரேக்கை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்று கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பிரேக் எங்கே இருக்கிறது?

சாதாரணக் காரில் கைப்பிரேக்கை இழுத்தால் கம்பி வழியாக இரண்டு பின் சக்கரங்களிலும் உள்ள பிரேக்குகள் பிடிக்கின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிப் பிடி உண்டு. நான்கு சக்கரங்களும் இயங்கும் பழைய வண்டிகள் பலவற்றில் அமைப்பு வேறு. அவற்றில் கைப்பிரேக்கின் டிரம் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டியை அடுத்து, சக்தியை முன்னும் பின்னும் பங்கிட்டுக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில், பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட ஷாப்டின் தலைப்பில் அது இருக்கிறது. லீவரை இழுத்தால் அந்த ஷாப்ட் சுழலாமல் பிடிக்கப்படுகிறது. சக்கரங்களை எதுவும் நேராகப் பிடிப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப் இவ்வகையைச் சேர்ந்தது. மகிந்திரா நிறுவனத்தார் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் இணைத்துத் தரத் தொடங்கினர். அந்த வழியில் வந்த பழைய ஜீப்புகளிலும் இதே அமைப்பைக் காணலாம். 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட பிரிட்டனின் லேண்ட் ரோவர் வண்டியும், அதன் வழிவந்து 2016 ஜனவரி வரை அங்கே உற்பத்தியான டிபெண்டர் வண்டியும் இதே வகையைச் சேர்ந்தவை. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சங் என்னும் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ வரை பல்லாண்டுகள் பயணிகளைச் சுமந்து புகழ்பெற்றவை இத்தகைய பழைய லேண்ட் ரோவர்களே.

தங்கள் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய விரும்பும் அங்கத்தினர்கள், சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, அடியில் குனிந்து பார்க்கலாம். டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னே, ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் தெரிந்தால், இங்கு கூறுவன யாவும் அவ்வண்டிக்குப் பொருந்தும்.

ஏன் இப்படி அமைத்தார்கள் என்ற கேள்வி எழலாம். பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரங்கள் ஷாப்டின் வேகத்தைக் குறைத்துச் சக்கரங்களுக்குத் தருகின்றன. பழைய லேண்ட் ரோவரில் ஷாப்ட் 4.7 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வில்லிஸ் ஜீப்பின் பல மாதிரிகளில் இது 5.38 சுற்று. ஆகவே ஷாப்டைப் பிடிக்கும் விசை சக்கரத்தில் 4.7 மடங்காகவோ 5.38 மடங்காகவோ பெருகுகிறது. சக்கரங்களில் 100 பங்கு பிடி வேண்டுமானால், டிரம்மில் ஏறத்தாழ 20 பங்கு பிடி போதும். சிறிய டிரம் பெரிய வண்டியை நிறுத்தி வைக்கிறது. மேலும் அந்த டிரம், சேறும் தண்ணீரும் தெறிக்கும் சக்கரங்களிலிருந்து விலகி உயரத்தில் இருக்கிறது. காட்டுப் பாதையிலும் வயல் வழியிலும் செல்லும் வண்டிக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

கிணற்று இராட்டினம் சொல்லும் பாடம்

நன்மையுடன் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. ஷாப்டுக்கும் இரு பின் சக்கரங்களுக்கும் இடையே டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டம் இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிகமாகவும் உட்பக்கத்துச் சக்கரம் குறைவாகவும் சுற்ற இடம் கொடுப்பது இதுவே.

கிணற்று இராட்டினத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு குடத்தைக் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்வோம். இராட்டினம் உத்தரத்தில் அசையாமல் தொங்குகிறது. இரு குடங்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்க முடியுமா? முடியாது. கயிறு விடாது. ஆனால் ஒரு குடம் மேலே ஏறினால் மற்றது தாராளமாகக் கீழே இறங்கும். கைப்பிரேக் இழுக்கப்பட்ட பழைய ஜீப்பின் பின் அச்சு இத்தகையது. அசையாத ஷாப்டே உத்தரம். இரு சக்கரங்களே இரு குடங்கள். சரிவில் நிற்கும்போது இரண்டு சக்கரங்களும் ஒரே திசையில் உருள முயல்கின்றன, டிபரன்ஷியல் இடம் கொடுப்பதில்லை, வண்டி நிற்கிறது. ஒரு சக்கரத்தை ஜாக்கி தரையைவிட்டுத் தூக்கிய கணமே அந்தச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றத் தடையேதும் இல்லை. அது பின்னோக்கிச் சுற்றச் சுற்ற, தரையில் உள்ள மற்ற சக்கரம் சரிவில் முன்னோக்கி உருள்கிறது. பிரேக் டிரம் மட்டும் இம்மியும் அசையாமல் இறுகப் பிடித்தபடியே இருக்கிறது.

நம் ஜீப்புக்கு நேர்ந்தது இதுவே. முதல் கியர் போட்டிருந்தும் பயனில்லாமற் போன காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கியரும் எஞ்சினும் பிடிப்பதும் அதே ஷாப்டைத்தான். ஷாப்டை ஒருவர் பிடித்தால் என்ன, இருவர் பிடித்தால் என்ன?

சக்கரம் முழுவதும் தூக்கப்பட வேண்டும் என்பதும் இல்லை. டிபரன்ஷியல் இரு பக்கமும் சமமான விசையையே பங்கிடும். ஒரு சக்கரம் ஈரச் சருகின் மீதோ வழுக்கும் களிமண்ணின் மீதோ நின்றால், அதற்குக் கிடைக்கும் சிறு பிடிமானத்தின் அளவே மற்றச் சக்கரத்துக்கும் வாய்க்கும். நல்ல தரையில் நிற்கும் சக்கரம் தன் முழு வலிமையையும் காட்ட இயலாது. மழைக்காலத்தில் பாதையோரத்தில் ஒருபுறம் புல்லின்மேல் ஏற்றி நிறுத்தப்படும் வண்டிகளை இங்கு அங்கத்தினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சோதனை நிலையத்தில் நடப்பது என்ன?

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி போக்குவரத்து வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தேவை. சொந்த உபயோகத்துக்கான வண்டிகளும் பதிவாகி 15 ஆண்டுகள் ஆனபின் பதிவைப் புதுப்பிக்கும்போது சோதனைக்கு வர வேண்டும். ஆகவே பழைய ஜீப் வைத்திருப்போர் யாவரும் என்றேனும் ஒரு நாள் சோதிப்பவர் முன் நின்றே தீர வேண்டும். அந்த நேரத்தில் தம் வண்டியின் பிரேக் எவ்வகையானது என்பதை அவரிடம் முதலிலேயே கூறுவது நலம். இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு.

பிரேக்கைச் சோதிக்கும் பொறிகளில் உருளைப் பொறி ஒன்று. தரையோடு பதிக்கப்பட்ட உருளைகள் மீது ஓர் அச்சின் இரு சக்கரங்களும் நிற்கும். மின்சார மோட்டார் உருளைகளைச் சுற்றும். பிரேக் எவ்வளவு எதிர்க்கிறது என்பதை மானி காட்டும். சக்கரத்தில் பிரேக் உள்ள வண்டிக்கு இது மிகச் சிறந்த முறை. ஷாப்டில் பிரேக் உள்ள வண்டிக்கோ மூன்று சங்கடங்கள் எழும்.

முதலாவது, ஒரு பக்கத்து உருளையை மட்டும் சுற்றினால், டிபரன்ஷியல் வழியாக மற்றப் பக்கத்துச் சக்கரம் எதிர்த் திசையில் திரும்ப முயலும். அப்போது மானி காட்டுவது பிரேக்கின் பிடியை அன்று. மற்றச் சக்கரம் தன் உருளைமேல் எவ்வளவு அழுந்தி நிற்கிறது என்பதையே. சில பொறிகளில் ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னுமாகச் சுற்றும் வசதி உண்டு. நான்கு சக்கர இயக்க வண்டிகளின் கால் பிரேக்கைச் சோதிக்க ஏற்பட்டது அது. அந்த முறையில் ஷாப்ட் சுழலுவதே இல்லை. ஆகவே ஷாப்ட் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மானி அதை அறியாது.

இரண்டாவது, இரு உருளைகளையும் ஒரே திசையில் சேர்த்துச் சுற்றினால் பிரேக் சோதிக்கப்படுகிறது. ஆனால் இடது வலது வேறுபாட்டைக் காட்டும் எண்ணுக்கு அங்கே பொருள் இல்லை. பிடிப்பது ஒரே டிரம், பங்கிடுவது டிபரன்ஷியல். அதைக் கண்டு ஒரு பக்கத்துப் பிரேக் பலவீனம் என்று முடிவு கட்டுவது தவறு.

மூன்றாவது, நான்கு சக்கரங்களும் இடைவிடாமல் இயங்கும் வண்டிகளைப் பற்றியது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரும், 1983 முதல் வந்த புதிய வரிசை லேண்ட் ரோவர்களும் இவ்வகையின. இவற்றின் ஓர் அச்சு உருளை மேலும் மற்ற அச்சு தரை மேலும் இருக்கும்போது உருளையைச் சுற்றினால், சக்தி மற்ற அச்சுக்கும் பாய்ந்து வண்டி பொறியைவிட்டுத் தாவக்கூடும்; உள்ளேயுள்ள பற்சக்கரங்களும் கெடக்கூடும்.

பிரிட்டனில் பழைய வண்டிகளைக் கட்டாயமாகச் சோதிக்கும் முறை 1960-இல், பத்து ஆண்டு கடந்த வண்டிகளிலிருந்து தொடங்கியது. இவ்வகை வண்டிகள் அங்கே மிகுதி. ஆகவே இடைவிடாத நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளை உருளைப் பொறியில் ஏற்றாமல், சாலையில் ஓட்டி, வேகம் குறையும் விதத்தைக் காட்டும் மானியைக் கொண்டு சோதிக்கும் வழி அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. டேப்லி மானி என்பது இதற்குப் பெயர் பெற்ற கருவி. ஊசல் ஒன்று உள்ளிருந்து, வண்டி எவ்வளவு திடீரென்று மெதுவாகிறதோ அவ்வளவு சாய்ந்து, அளவைச் சதவிகிதமாகக் காட்டும்.

இம்முறையிலும் நிதானம் வேண்டும். ஓடும் வண்டியில் ஷாப்ட் பிரேக்கைத் திடீரென்று இழுப்பது, சுழலும் கதிரைக் கையால் பிடித்து நிறுத்துவது போன்றது. சக்கரத்தைவிட ஐந்து மடங்கு வேகத்தில் சுற்றும் டிரம் திடுமென நிற்கும். அந்த அதிர்ச்சி யூனிவர்சல் ஜாயிண்ட், பற்சக்கரங்கள், ஆக்ஸில் ஷாப்டுகள் யாவற்றையும் தாக்கும். ஆகவேதான் இது ஓட்டத்தில் பயன்படுத்தும் பிரேக் அன்று. நின்ற வண்டியை நிறுத்தி வைக்கும் பிரேக். கால் பிரேக் அற்றுப்போன ஆபத்து வேளையில் மட்டுமே ஓட்டத்தில் இதை நாட வேண்டும். சோதனையிலும் மிகக் குறைந்த வேகத்தில், படிப்படியாக இழுப்பதே முறை.

16 சதவிகிதம் என்பதன் பொருள்

பிரேக்கின் திறனைச் சதவிகிதத்தில் கூறுவது வழக்கம். வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு பிரேக் பிடித்தால் அது 100 சதவிகிதம். 2,000 கிலோ எடையுள்ள வண்டியைப் பிரேக் 320 கிலோ விசையோடு பிடித்தால் 16 சதவிகிதம். பிரிட்டனின் சோதனையில், கால் பிரேக்கின் ஆயில் அமைப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும் காருக்குக் கைப்பிரேக் 16 சதவிகிதம் காட்டினால் போதும். பழைய முறையில் ஒரே குழாய் அமைப்பு உள்ள வண்டிக்கு 25 சதவிகிதம் வேண்டும். காரணம் தெளிவு: அந்த ஒரு குழாய் வெடித்தால் வண்டியை நிறுத்தக் கைப்பிரேக்கைத் தவிர வேறு கதி இல்லை. பழைய வண்டிக்குச் சலுகை காட்டாமல் கூடுதலாகக் கேட்பது கடுமையன்று, நியாயமே.

சரிவுக் கணக்கில் சொன்னால், நூறு அடி தூரத்துக்கு 16 அடி ஏறும் பாதையில் வண்டியை நிறுத்தி வைக்க ஏறத்தாழ 16 சதவிகிதப் பிடி வேண்டும். நான்கடிக்கு ஓரடி ஏறும் பாதையானால் ஏறத்தாழ 25 சதவிகிதம்.

இங்கே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெற்று வண்டியில் கிடைத்த சதவிகிதம் பாரம் ஏற்றிய வண்டிக்குப் பொருந்தாது. 1,200 கிலோ எடையுள்ள வெற்று ஜீப்பில் பிரேக் 16 சதவிகிதம் காட்டியது என்றால், அதன் பிடி 192 கிலோ. அதே ஜீப்பில் ஆட்களும் மூட்டைகளும் ஏறி எடை 1,900 கிலோ ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். பிடி அதே 192 கிலோதான்; ஆனால் சதவிகிதம் 10 ஆகிவிட்டது. வெறுமையாக 16 சதவிகிதச் சரிவில் நின்ற வண்டி, பாரத்தோடு 10 சதவிகிதச் சரிவுக்கு மேல் நில்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வகுத்த விதி, இந்த 16 சதவிகிதத்தை வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்கிறது. நாமும் நம் வண்டிகளை அவ்வாறே கணக்கிட்டுக்கொள்வது அறிவுடைமை.

சங்கமே செய்துகொள்ளக் கூடிய சோதனை

பொறியும் மானியும் இல்லாமலே இந்தப் பிரேக்கை ஓரளவு சோதித்துக்கொள்ளலாம். வேண்டுவன ஒரு மீட்டர் நீளப் பலகை, கொத்தனாரின் ரசமட்டம், ஓர் அளவுகோல், உறுதியான முட்டுக்கட்டைகள் நான்கு. போக்குவரத்து இல்லாத, கீழே ஆளும் வீடும் இல்லாத ஒரு சரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலகையின் மேல்முனையைத் தரையில் வைத்து, கீழ்முனையை ரசமட்டம் சமம் காட்டும்வரை உயர்த்தி, அம்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். இடைவெளி 10 சென்டிமீட்டரானால் 10 சதவிகிதம். 16 ஆனால் 16 சதவிகிதம். மென்மையான சரிவில் தொடங்கிப் படிப்படியாகச் செல்வதே பாதுகாப்பு.

வழக்கமான பாரத்தோடு வண்டியைச் சரிவில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கீழ்ப்புறத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு முட்டுக்கட்டைகளை வைக்க வேண்டும். டிரைவர் இருக்கையிலேயே இருந்து, கால் பிரேக்கை மிதித்தபடி, முன் சக்கர இயக்கத்தை விடுவித்து, கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து, கைப்பிரேக்கை இழுக்கட்டும். பிறகு காலை மெல்ல எடுக்கட்டும். மற்றவர்கள் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டுமேயன்றி, வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது.

வண்டி இரண்டொரு அங்குலம் அசைந்து, பின் கல்லைப்போல் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஷாப்டிலும் பற்சக்கரங்களிலும் உள்ள இடைவெளி அடைபடும் வரை ஏற்படும் அசைவு அது. இவ்வகைப் பிரேக்கின் இயல்பு. அசைவு மிக அதிகமாக இருந்தால் யூனிவர்சல் ஜாயிண்டும் பற்சக்கரங்களும் தேய்ந்துள்ளன என்று பொருள். அசைந்த வண்டி நில்லாமல் ஊர்ந்துகொண்டே போனால் பிரேக் வழுக்குகிறது. முகம் மேல்நோக்கி ஒருமுறையும், கீழ்நோக்கி ஒருமுறையுமாக இரு விதமாகவும் சோதிப்பது அவசியம்.

குறை கண்டால் காரணத்தை ஆராய வேண்டும். இவ்வகைப் பிரேக்குகளில் மிகச் சாதாரணமான நோய் எண்ணெய்க் கசிவு. டிரம்முக்கு நேர் முன்னே டிரான்ஸ்பர் பெட்டியின் ஆயில் சீல் இருக்கிறது. சீல் தேய்ந்தால் எண்ணெய் டிரம்முக்குள் வடிந்து லைனிங்கை நனைக்கும். எண்ணெயில் ஊறிய லைனிங் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. அதைக் கழுவித் துடைத்துப் போடுவது வீண் வேலை. சீலை மாற்றி லைனிங்கையும் மாற்ற வேண்டும். அடுத்து, லீவரின் பற்கள் தேய்ந்து நழுவுகின்றனவா, கம்பியும் இணைப்புகளும் துருவேறி இறுகியுள்ளனவா, லீவர் கடைசிவரை வந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஷாப்டின் போல்ட்டுகளையும் மறவாமல் பார்க்க வேண்டும். ஷாப்டோ ஆக்ஸில் ஷாப்டோ முறிந்தால் கைப்பிரேக்கும் அதனுடனேயே போய்விடும் அல்லவா?

சோதனைக்கு முதல் நாள் பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கி, சான்று வாங்கியதும் தளர்த்திவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இறுகிய ஷூ ஓட்டத்தில் டிரம்மோடு உரசிச் சூடேறி லைனிங்கைக் கருக்கிவிடும். சான்று பெறுவதற்காகச் செய்த காரியமே பிரேக்கைக் கெடுத்துவிடுகிறது.

நிறுத்தும்போதும் ஜாக்கி வைக்கும்போதும்

பிரேக்கின் குணம் தெரிந்துவிட்டால் அதற்கேற்ற ஒழுங்கும் தானே விளங்கும். நம் சங்கத்தில் பின்வரும் விதிகளை எழுதி வண்டியிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

1. சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கோடு நான்கு சக்கர இயக்கத்தையும் இணைக்க வேண்டும். அப்போது முன் ஷாப்டும் சேர்ந்து பிடிபடுவதால் முன் சக்கரங்களும் வண்டியைத் தாங்கும். முன் சக்கரங்களில் விடுவிப்புப் பூட்டு பொருத்தப்பட்டிருந்தால் அதையும் பூட்ட வேண்டும். இல்லையேல் இணைத்தும் பயனில்லை. இடைவிடாத நான்கு சக்கர இயக்க வண்டியில் நடு டிபரன்ஷியலைப் பூட்டும் லீவரைப் போட வேண்டும்.

2. கியர் போட்டதையும் கைப்பிரேக் இழுத்ததையும் இரு காவல்களாக எண்ணலாகாது. இரண்டும் ஒரே ஷாப்டைப் பிடிப்பவை.

3. முட்டுக்கட்டை இல்லாமல் வண்டி புறப்படலாகாது. சரிவில் நிறுத்தினால், முதலில் கட்டை, பிறகே இறங்குதல்.

4. சரிவில் பின் சக்கரத்துக்கு ஜாக்கி வைக்கலாகாது. காற்றிழந்த டயர் கெட்டாலும் கெடட்டும், சமதரை வரை மெல்ல உருட்டிச் செல்ல வேண்டும். சமதரையிலும் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

5. ஷாப்டைக் கழற்றும் வேலைக்கு முன் கட்டை கொடுப்பது கட்டாயம். ஷாப்ட் கழன்ற வண்டிக்குக் கைப்பிரேக் இல்லை.

இவற்றில் காசு செலவாகும் காரியம் எதுவும் இல்லை. தச்சரிடம் நான்கு மரத் துண்டுகளை ஆப்பு வடிவில் அறுத்து வாங்கிக்கொண்டால் போதும். ஒருவனை முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் ஊரில் அது வசை. மலைப்பாதையில் அதுவே கடமை.

பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், பெரும் மாற்றம் ஏதும் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் சாலையில் ஓட்டும் வண்டியைத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து உடையவருக்கு அங்கே விலக்கு இல்லை. இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. சான்றிதழ் கூறுவது, சோதித்த நாளில், சோதித்த இடத்தில், வண்டி எவ்வாறு இருந்தது என்பதை மட்டுமே. அன்றைக்குப் பாரம் இல்லை, மழை இல்லை, சருகு இல்லை, ஒரு சக்கரம் ஜாக்கியின்மேல் இல்லை. மற்ற நாட்களுக்குச் சான்று தர வேண்டியவர்கள் வண்டியை வைத்திருக்கும் நாமே.

நம் ஜீப் விஷயத்தில் மேற்கூறிய விளக்கம் யாவும் அடுத்த கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டது. குழுவினர் முற்றத்தில் சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் உயர்த்தினார்கள். நம் தலைவரே குனிந்து அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்ற முயன்றார். அது மறுத்தது, தரையில் இருந்த மற்றச் சக்கரம் அசையாமல் இருந்ததே காரணம். பிறகு அதையும் தாங்கியின்மேல் உயர்த்திவிட்டுச் சுற்றியபோது, ஒரு விரல் தள்ளியதுமே ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாகச் சுழன்றன. லீவர் இறுகியே இருந்தது. பார்த்தவர்கள் ஒன்றும் பேசவில்லை. டிரைவரின் சம்பளப் பிடித்தத் தீர்மானம் அன்றே ரத்தாயிற்று. நான்கு முட்டுக்கட்டைகள் வாங்கத் தீர்மானம் நிறைவேறியது.

டிரைவர் செய்தது பிழையன்று, அறியாமை. அந்த அறியாமை அவருக்கு மட்டும் உரியதன்று, வண்டியை அவரிடம் ஒப்படைத்த நம் எல்லோருக்கும் உரியது. பழைய ஜீப் வைத்திருக்கும் சங்கங்கள் தங்கள் டிரைவரையும் கிளீனரையும் அழைத்து இக்கட்டுரையை ஒருமுறை வாசித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். முடிந்தால், இரு பின் சக்கரங்களையும் பாதுகாப்பாக உயர்த்தி அவர்கள் கையாலேயே சுற்றிப் பார்க்கச் செய்யட்டும்.